கெய்சருக்குள் வளர்ந்த கல்

போன தை மாதம் ஒரு காலையில் கெய்சர் சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்க டிரிப் ஆகிவிட்டது. வந்த பிளம்பர் அடி மூடியைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் காயிலை வெளியே இழுத்தார்; வரவில்லை. தட்டித் தட்டி எடுத்தபோது, சுண்டுவிரல் மொத்தம்கூட இல்லாத குழாய் வாழைக்காய் மொத்தத்துக்கு வெள்ளைக் கல் பூசிக்கொண்டு வந்தது. தொட்டிக்குள்ளிருந்து இரண்டு கை நிறையச் சில்லுகள் வேறு. “உப்புத் தண்ணில்லா அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும்” என்றார்.

திருநெல்வேலி சிந்துபூந்துறையில் ஆற்றுத் தண்ணீரில் இதே கெய்சர் ஏழு வருஷம் உழைத்தது. தாழையூத்துப் பக்கம் போர் தண்ணீர் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

ஒரு சில்லை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரிக்கவே இல்லை. எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டதும் புசுபுசுவென்று நுரைத்தது. சாப்பாட்டு உப்பு இப்படி நுரைக்காது. இது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்.

கல் எப்படிக் குழாய் வழியாக வரும்? மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. கிட்டத்தட்ட வீரியம் குறைந்த சோடா மாதிரி. அது சுண்ணாம்புப் பாறையைத் தொட்டால் கல் கரைந்து கால்சியம் பைகார்பனேட் ஆகிவிடும். பார்க்கத் தண்ணீர் பளிங்காக இருக்கும். எங்கள் ஊரில் சுண்ணாம்புக் கல்லுக்குப் பஞ்சமில்லை. அதை நம்பித்தான் 1949இல் தாழையூத்தில் சிமென்ட் ஆலையே ஓடத் தொடங்கியது. ஆலைக்கு லாரியில் போகும் அதே கல், எங்கள் வீட்டுக்குக் கரைந்து வருகிறது. தாமிரபரணி பிறக்கும் பொதிகையில் இருப்பது லேசில் கரையாத பாறை. அதனால்தான் ஆற்றுத் தண்ணீரில் சோப்பு அப்படி நுரைக்கிறது.

இனிதான் விஷயம். தண்ணீர் சூடானால் அந்தக் கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியேறிவிடும். வாயு போனதும் பைகார்பனேட் பழையபடி கல்லாகிறது. சர்க்கரையோ உப்போ வெந்நீரில் அதிகம் கரையும். இந்தக் கல் நேர்மாறு, சூடு ஏற ஏறக் கரைய மறுக்கும். ஆகவே எந்த இடம் அதிகம் சுடுகிறதோ அங்கேதான் போய் ஒட்டும். கெய்சரில் அது காயில்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுப்படி, குடிநீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் இந்தக் கல்லின் கணக்கு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கணக்குக்கு 400 என்று வைப்போம். ஒரு நாளைக்கு 50 லிட்டர் வெந்நீர் என்றால் மாதம் 600 கிராம் கெய்சருக்குள் போய் வருகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு தங்கினாலும் வருஷத்துக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

கல் ஒட்டினால் கரண்ட் பில் எகிறும் என்று பயமுறுத்துவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அதன் சூடு கொஞ்சம் தாமதமானாலும் தண்ணீருக்குத்தானே போக வேண்டும்? போவது காயிலின் ஆயுள்தான். உலோகம் சூட்டை வேகமாகக் கடத்தும், கல் கடத்தாது. கம்பளி போர்த்தியது போல உள்ளே சூடு தேங்கி, ஒரு நாள் காயில் கம்பியை மூடியிருக்கும் உலோக உறை விரிசல் விடும். விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போனால் வீடு டிரிப் ஆகும்.

சூடாக்காத சாதனங்களுக்கு இந்த அளவு ஆபத்து இல்லை. பச்சைத் தண்ணீரில் துவைக்கும் வாஷிங் மெஷினில் கல் அவ்வளவாகப் படியாது. உள்ளேயே ஹீட்டர் வைத்த மெஷினுக்குத்தான் கெய்சரின் கதி. சோப்பு வேறு கதை: கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி, வாளி ஓரத்தில் சாம்பல் வளையமாக நிற்கும். பருப்பு வேகாததற்கும் கால்சியம்தான் காரணம். பருப்பின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசையை அது இறுக்கிவிடுகிறது. அதனால் சொதிக்குப் பாசிப்பருப்பு வேகவைக்க மட்டும் எங்கள் வீட்டில் ஆற்றுத் தண்ணீர்க் குடத்தில்தான் கை வைப்பார்கள்.

வாட்டர் ஃபில்டர் விற்க வாசலுக்கு வரும் பையன் டிடிஎஸ் மீட்டரை டம்ளரில் முக்கி எண்ணைக் காட்டுவான். கரைந்திருப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்த எண் அது. உவரிப் பக்கக் கடலோரக் கிணற்றில் சோற்றுப்பே அந்த எண்ணை ஏற்றிவிடும். எவ்வளவு கால்சியம் என்று மீட்டருக்குத் தெரியாது. வீடு முழுவதற்கும் தீர்வு வேண்டுமென்றால் ரெசின் என்ற பிளாஸ்டிக் மணிகள் நிரப்பிய சாஃப்ட்னர்தான். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அவ்வப்போது உப்புக் கரைசல் ஊற்றி ரெசினைக் கழுவ வேண்டும். குடிக்க அது தோதில்லை, அந்தச் சோடியம் நமக்குள் வரும். நான் இப்போதைக்குப் புதுக் காயில் போட்டு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 75 டிகிரியிலிருந்து 50க்கு இறக்கியிருக்கிறேன்.

பிளம்பர் பழைய காயிலைப் பாத்ரூம் ஆசிட்டில் போடச் சொன்னார். அது உலோகத்தையும் அரிக்கும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அந்த மாதிரி சாதுவான அமிலம் போதும் என்று, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த பிளாஸ்டிக் வாளியில் ஊறப் போட்டேன். ராத்திரி முழுக்க நுரைத்துக்கொண்டே கிடந்தது. காலையில் பார்த்தால், கல் ரொம்பத் தடிப்பாக இருந்த அந்த அடி வளைவில்தான், உறை நீளவாக்கில் பிளந்து உள்ளே கம்பி கருகியிருந்தது.