ஒரே கம்பெனிக்காகக் கட்டிய கட்டடம்

அலுவலக வளாகம் கட்டித்தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கேட்பது முகப்பு எப்படி இருக்கும், எத்தனை கார் நிறுத்தலாம் என்பதுதான். நான் திருப்பிக் கேட்கும் கேள்வி அவர்களுக்குக் கொஞ்சம் அபசகுனமாகப் படும்: நீங்கள் காலி செய்துவிட்டுப் போனால் இங்கே யார் குடிவருவார்கள்? "சார், இன்னும் அடிக்கல்லே நாட்டவில்லை" என்றார் ஒருவர். அவருக்குச் சொன்ன கதைதான் இது.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஹோம்டெல் என்ற ஊரில், தொலைபேசிக் கம்பெனியின் ஆய்வு நிறுவனமான பெல் லேப்ஸுக்குச் சுமார் 470 ஏக்கர் இருந்தது. விண்வெளியிலிருந்து ரேடியோ அலைகள் வருவதை 1930களின் தொடக்கத்தில் கார்ல் ஜான்ஸ்கி கண்டுபிடித்தது அந்த நிலத்தில்தான். நகரத்து இரைச்சலும் நெரிசலும் வேண்டாம், ஆய்வுக்கு அமைதியும் விரிந்த இடமும் வேண்டும் என்று கம்பெனிகள் புறநகருக்குக் கிளம்பிய காலம் பிறகு வந்தது. கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் 1956-ல் மிச்சிகன் மாநிலத்தின் வாரன் நகரில் ஏரியோடு ஒரு தொழில்நுட்ப வளாகத்தைத் திறந்தது. அதை வடிவமைத்த ஈரோ சாரினென்தான் ஹோம்டெல் கட்டடத்தையும் வரைந்தார். 1962-ல் அது திறந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பிறகு விரிவாக்கியதில் கட்டடம் சுமார் 20 லட்சம் சதுர அடி ஆனது. சுற்றிலும் கண்ணாடிச் சுவர், அதை ஒட்டி நடைபாதை, ஆய்வகங்களும் அறைகளும் உள்ளே ஜன்னலே இல்லாமல். தடுப்புகளை இஷ்டம்போல் மாற்றலாம் என்பது கணக்கு. ஆனால் வெளிச்சத்தை நடப்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து வேலை செய்பவர்களை உள்ளே அடைத்த அந்த முடிவு எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. நடுவே கால் மைல் நீளத்துக்கு, மேலே கண்ணாடிக் கூரை போட்ட முற்றம். வாசலில் மூன்று கால்களோடு, பெல் லேப்ஸிலேயே பிறந்த டிரான்சிஸ்டர் என்ற சின்ன மின்னணு உறுப்பின் வடிவில் தண்ணீர்த் தொட்டி (இது மட்டும் சாரினென் கொஞ்சம் விளையாடிய இடம்).

ஆறாயிரம் பேர் வரை வேலை பார்த்த இடம், 2007 வாக்கில் காலியானது. அவ்வளவு பெரிய கட்டடத்தை முழுசாக எடுத்துக்கொள்ள இன்னொரு கம்பெனி எங்கே கிடைக்கும்? இடிக்கும் பேச்சு எழுந்தது, முன்னாள் விஞ்ஞானிகளும் கட்டடக்கலைஞர்களும் எதிர்த்தார்கள். 2013-ல் ஒரு டெவலப்பர் வாங்கி, பகுதி பகுதியாகப் பல நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டார். இப்போது அதன் பெயர் பெல் வொர்க்ஸ். கீழ்த்தளத்தில் கடைகளும் ஊர்ப் பொது நூலகமும் இருக்கின்றன.

என் பார்வையில் அதைக் காப்பாற்றியது அந்த முற்றம்தான். வாடகைக் கணக்கில் வராத வெற்றிடம் என்று நம் ஆட்கள் முதல் கூட்டத்திலேயே வெட்டச் சொல்லும் இடம் அது. இன்று ஊரே உள்ளே வந்துபோகும் தெரு.

அதனால் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்களைப் பாருங்கள். கட்டடத்தை நாலு வாடகைதாரருக்குப் பிரித்தால், ஒவ்வொருவருக்கும் தனி வாசலும் லிஃப்டும் கிடைக்குமா, மின் மீட்டரைப் பிரிக்க முடியுமா? ஒரு தளம் மட்டும் ஓடும்போது மொத்த ஏசியையும் ஓட்ட வேண்டி வருமா? தீ விபத்தில் வெளியேற, அடுத்தவர் ஆபீஸ் வழியாக ஓட வேண்டியிருக்குமா? இதெல்லாம் தாளில் இருக்கும்போது அழித்து வரைகிற வேலை, கான்கிரீட் போட்ட பிறகு உடைக்கிற வேலை.

அந்த சார் இரண்டாவது வாசலுக்கு ஒப்புக்கொண்டார். ஏசியைப் பிரிப்பதற்கு மட்டும் இன்னும் பிடி கொடுக்கவில்லை.