வங்கியை வீழ்த்திய வித்தி

1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி முறிந்தபோது, இலங்கையில் புழங்கிய அதன் நாணயத்தாள்களுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அவற்றுக்கு அரசே பொறுப்பு என ஆளுநர் ஆர்தர் கோர்டன் அறிவித்தார். அதே ஆண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தாள் வெளியிடும் பணியை அரசிடம் சேர்த்தது. ஆயினும் வங்கி ஏன் முறிந்தது என்பதே சுவையான கேள்வி.

1842இல் பம்பாயில் தொடங்கி, 1845இல் தலைமையகத்தை லண்டனுக்கு மாற்றி, 1851இல் அரச பட்டயம் பெற்ற அவ்வங்கி, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை ஈடாகப் பெற்று, வரப்போகும் விளைச்சலை நம்பிக் கடன் கொடுத்துவந்தது. 1869இல் அத்தோட்டங்களில் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் துருநோய்ப் பங்கசு கண்டறியப்பட்டது. அதன் வித்தி, அதாவது விதைபோல் பரவும் நுண்துகள், இலையின் அடிப்புறத்தில் ஒட்டி, ஈரத்தில் முளைத்து, இலைவாய் என்னும் நுண்துளை வழியே உள்ளே நுழைகிறது. சில வாரங்களில் அந்த இலைவாய்கள் வழியாகவே செம்மஞ்சள் தூளாகப் புதிய வித்திகள் வெளிவருகின்றன. 1880இல் இந்நோயை ஆராய வந்த தாவரவியலாளர் ஹாரி மார்ஷல் வார்ட், கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, காற்றில் பறந்த வித்திகளைப் பிடித்துக் காட்டினார். இவ்வளவு எளிய பொருள்களால் இவ்வளவு தெளிவான விடை பெற்ற சோதனைகள் அரிது.

நோயுற்ற இலை உதிர்ந்தாலும் செடி உடனே மடிவதில்லை. கோப்பி முந்தைய ஆண்டு வளர்ந்த கிளைப்பகுதியில் காய்ப்பதால், இவ்வாண்டு இழந்த இலைகளின் விளைவு அடுத்த ஆண்டு அறுவடையில்தான் முழுமையாகத் தெரியும். இத்தாமதமும் 1870களில் ஏறிய கோப்பி விலையும் சேர்ந்து சேதத்தை மறைக்க, காடுகள் மேலும் வெட்டப்பட்டுப் புதிய தோட்டங்கள் எழுந்தன. விலை இறங்கியபோது, கடனை அடைக்கவேண்டிய விளைச்சலும் அடைக்காவிட்டால் விற்கவேண்டிய நிலமும் ஒருங்கே மதிப்பிழந்தன. வெள்ளியின் விலைச்சரிவும் வங்கியை வருத்தியது உண்மையே. ஆனால் இலங்கையில் அதன் பணத்தை விழுங்கியது கோப்பிதான்.

நோய் தெரிந்து பதினோரு ஆண்டுகள் கழித்து வார்டை வரவழைத்து, இரண்டே ஆண்டுகளில் அவரது பணியை முடித்துக்கொண்ட அரசின் சிக்கனத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அவரிடம் மருந்து இல்லைதான். ஆனால், இடைவெளியின்றிக் கோப்பி மட்டுமே பரந்து கிடந்ததால்தான் காற்று நோயை இவ்வளவு எளிதாகப் பரப்பியது என்று அவர் விளக்கியிருந்தார். அதன்பின் அதே மலைச்சரிவுகளில் மைல் கணக்கில் தேயிலை மட்டும் நடப்பட்டது.