ஆன் ரோடு விலை என்ற ஒற்றை எண்ணுக்குள் இருப்பவை

சில மாதங்களுக்கு முன்பு, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வதற்காகக் கோவையில் உள்ள என் தணிக்கை அலுவலகத்திற்கு வந்த பள்ளி ஆசிரியை ஒருவர், போகிற போக்கில் தம் கைப்பேசியிலிருந்த ஒரு கொட்டேஷனைக் காட்டி, "சார், இருபதாயிரம் தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார்கள், இது போதுமா, இன்னும் கேட்கலாமா?" என்றார். ஏறத்தாழ ஒன்பது லட்சம் ரூபாய் காருக்கான கொட்டேஷன் அது; காரின் விலையோடு வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து கார் சாலைக்கு வரும்வரை ஆகும் மொத்தத் தொகையை, அதாவது ஆன் ரோடு விலையைச் சொல்வது. தள்ளுபடி இருந்த வரியை அவர் விரலால் பெரிதாக்கிக் காட்டினார். அதற்குக் கீழே இருந்த ஆறு வரிகளை அவர் படித்திருக்கவே இல்லை. ஒரு காலத்தில் வாகன விற்பனை நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் என்பதால், ஒரு விற்பனையில் டீலருக்கு வரும் பணம் பெரும்பாலும் அந்தக் கீழ் வரிகளில்தான் ஒளிந்திருக்கும் என்பதை நான் அறிவேன்.

முதலில் டீலரின் நிலையையும் சொல்லிவிடுவது நியாயம். காரைத் தயாரிப்பாளரிடமிருந்து வாங்கி விற்பதில் அவருக்குக் கிடைக்கும் கமிஷன் மிகக் குறைவு. அதிலிருந்துதான் ஷோரூம் வாடகை, ஊழியர் சம்பளம், இருப்பில் நிற்கும் கார்களுக்கான வங்கி வட்டி அனைத்தையும் அவர் சமாளிக்க வேண்டும். ஆகவே இன்சூரன்ஸ், கடன் ஏற்பாடு, ஆக்சஸரீஸ், சர்வீஸ் ஆகியவையே அவருடைய உண்மையான வருமான வழிகளாக உள்ளன. அமெரிக்காவில் புதிய காரின் கண்ணாடியில், தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலை, கூடுதல் வசதிகளின் விலை, ஆலையிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் சீட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்று 1958-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. டீலர் தயாரிப்பாளருக்குச் செலுத்தும் இன்வாய்ஸ் விலையையும் அங்குள்ள வாடிக்கையாளர்கள் ஓரளவு தேடித் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பேரம் பேசுகிறார்கள். நம் ஊரில் டீலரின் கொள்முதல் விலை வாங்குபவரின் கண்ணுக்கு எட்டுவதில்லை. எட்டக்கூடியது கொட்டேஷன் மட்டுமே என்பதால், அதையாவது வரிவரியாகப் பிரித்துத் தரும்படி கேட்க வேண்டியிருக்கிறது.

எக்ஸ் ஷோரூம் விலை என்பது, பதிவும் இன்சூரன்ஸும் சேராமல், ஜி.எஸ்.டி. உட்பட்ட விலை. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. வரையிலான எஞ்சினும் கொண்ட சிறிய கார்களுக்கு 18 சதவீதமும், அதற்கு மேற்பட்ட பெரும்பாலான கார்களுக்கு 40 சதவீதமும், மின்சார கார்களுக்கு 5 சதவீதமும் ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது, முன்பு இதற்கு மேல் தனியே இருந்த இழப்பீட்டு மேல்வரி அன்றோடு கார்களுக்கு நீங்கியது. தள்ளுபடி, எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் சலுகை என்று எந்தப் பெயரில் குறைத்தாலும், விலையில் தரும் குறைப்பு வரி இன்வாய்ஸிலேயே பதிவாகியிருக்க வேண்டும் என்பதே என் ஆலோசனை. விற்கும்போது தரப்பட்டு, இன்வாய்ஸிலும் காட்டப்பட்ட தள்ளுபடியை ஜி.எஸ்.டி. சட்டம் விற்பனை மதிப்பிலிருந்து கழிக்க அனுமதிக்கிறது. "பிறகு உங்கள் கணக்கில் போட்டுவிடுகிறோம்" என்ற வாய்மொழி உறுதிக்குப் பின்னால் மாதக்கணக்கில் அலைந்த இருவரை எனக்குத் தெரியும்.

அடுத்தது அரசுக்குப் போகும் பணம். இதில் டீலர் குறைக்கவும் முடியாது, கூட்டவும் கூடாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், புதிய காருக்கான ஆயுட்கால வரி, ஐந்து லட்சம் வரை விலையுள்ளவற்றுக்கு 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13 சதவீதம், இருபது லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என வசூலிக்கப்படுகிறது. வருமான வரியைப் போல எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் உயர்ந்த விகிதம் என்று இதில் இல்லை. முழு விலைக்கும் அந்த விகிதமே பொருந்தும். ஆகவே 9,95,000 ரூபாய்க் காருக்கு 1,29,350 ரூபாயாக இருக்கும் வரி, 10,05,000 ரூபாய்க் காருக்கு 1,80,900 ரூபாயாகிவிடும். பத்து லட்சத்தைத் தாண்டிய காருக்கு விற்பனையாளர் ஒரு சதவீதம் டி.சி.எஸ். (வாங்குபவரின் கணக்கில் அரசுக்குச் செலுத்த விற்பவரே பிடிக்கும் வருமான வரி) வசூலிக்க வேண்டும் என்ற விதியும் 2016 ஜூன் முதல் இருப்பதால், மேலும் 10,050 ரூபாய் சேரும். விலையில் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம், சாலைக்கு வரும்போது எழுபதாயிரத்தைத் தாண்டுகிறது. பத்து லட்சத்தை ஒட்டிய விலையில் இரண்டு வேரியன்ட்டுகளுக்கு இடையே தயங்குபவர்கள், சன் ரூஃபைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

டி.சி.எஸ். பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அதை மற்றொரு வரிச் செலவு என்று நினைத்து மறந்துவிடுகிறார்கள். அது உங்கள் பான் எண்ணில் முன்கூட்டியே செலுத்தப்பட்ட வருமான வரி. வருமான வரித் துறையின் ஆண்டு வரி அறிக்கையில் அது தெரியும். கணக்கு தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம், வரி ஏதும் இல்லையென்றால் திரும்பப் பெறலாம். பணம் கொடுத்தது மகனாகவும் காரின் பெயர் ஓய்வுபெற்ற தந்தையுடையதாகவும் இருக்கும் குடும்பங்களில், தந்தை கணக்கே தாக்கல் செய்யாததால் அந்தத் தொகை அப்படியே கிடந்துவிடுகிறது. அதைப் பெறுவதற்காகவே அந்த ஓர் ஆண்டு அவர் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

பதிவுக் கட்டணங்களோ மிகச் சிறியவை. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவுக்கு 600 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய், கடனில் வாங்கினால் அதைப் பதிவுச் சான்றில் குறிக்க 1,500 ரூபாய், இவற்றோடு மாநில அரசின் சாலைப் பாதுகாப்பு வரி. ஆசிரியையின் கொட்டேஷனில் வரியும் கட்டணங்களும் பிரிக்கப்படாமல் 'ஆர்.டி.ஓ. செலவு' என்று ஒரே வரியில் 1,28,000 ரூபாய் என இருந்தது. 8,90,000 ரூபாய் காருக்கு 13 சதவீத வரி 1,15,700 ரூபாய்; எல்லாக் கட்டணங்களையும் சேர்த்தாலும் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் மிஞ்சியது. பதிவு முடிந்ததும் போக்குவரத்துத் துறையின் வாகன் தளத்தில் உருவாகும் ரசீதின் நகலைத் தருவோம், மீதத்தைத் திருப்புவோம் என்று முன்பணம் கட்டும்போதே எழுதி வாங்கிவிட்டால், இந்தத் தொகை தானாகவே சுருங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி இன்சூரன்ஸ். பெரிய தொகை கைமாறும் இடம் இதுதான். புதிய காருக்கு, விபத்தில் பிறருக்கு நேரும் பாதிப்பை ஈடுசெய்யும் மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்றாண்டுக்கு எடுத்தாக வேண்டும் என்பது உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது: 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையின்படி, மூன்றாண்டுக்கும் சேர்த்து ஆயிரம் சி.சி. வரை 6,521 ரூபாய், 1,500 சி.சி. வரை 10,640 ரூபாய், அதற்கு மேல் 24,596 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இந்தத் தொகை எந்த நிறுவனத்திடம் எடுத்தாலும் மாறாது. நம் காருக்கு நேரும் சேதத்தை ஈடுசெய்யும் சொந்தச் சேதக் காப்பீடு, அதனுடன் சேரும் ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தருவது), எஞ்சின் பாதுகாப்பு, சாவி இழப்பு போன்ற கூடுதல் காப்புகள் ஆகியவற்றின் விலையைத்தான் நிறுவனங்கள் தாமே முடிவு செய்கின்றன. டீலரின் பங்கும் பெரும்பாலும் அதற்குள்ளேதான் இருக்கிறது. எனவே ஒப்பிடும்போது மொத்தத் தொகையைப் பார்த்தால் போதாது. ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு ஒன்றாக இருக்கிறதா, கூடுதல் காப்புகள் ஒரே பட்டியலாக இருக்கின்றனவா, சொந்தச் சேதக் காப்பீடு ஓராண்டுக்கா மூன்றாண்டுக்கா என்று பார்த்த பிறகே இரண்டு தொகைகளையும் அருகருகே வைக்க வேண்டும். சொந்தச் சேதப் பகுதியை மூன்றாண்டுக்கும் மொத்தமாக எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓராண்டுக்கு எடுப்பது போதுமானது. பதினைந்து லட்ச ரூபாய்க்கான உரிமையாளர் விபத்துக் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே வேறு பாலிசியில் இருந்தால், அதை எழுதிக் கொடுத்து இதைத் தவிர்க்கலாம்.

இன்சூரன்ஸை வெளியே எடுக்கிறேன் என்று சொன்னவுடன் ஷோரூமில் பெரும்பாலும் வரும் பதில், "அப்படியென்றால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்பது. அந்த ஒர்க்‌ஷாப்புக்கும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் பழுதுச் செலவை நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் வசதி அமைகிறது. பாலிசியை யார் விற்றார் என்பதைப் பொறுத்து இல்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள கேரேஜ் பட்டியலில் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். டீலர்கள் காப்பீடு விற்பதை முறைப்படுத்த, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2017 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டுதல்களின்படி, தம்மிடமே காப்பீடு எடுக்க வேண்டும் என்று எந்த டீலரும் வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆசிரியையின் கொட்டேஷனில் இன்சூரன்ஸ் 46,800 ரூபாய். அதே மதிப்பு, அதே காப்புகளோடு வெளியே அவருக்குக் கிடைத்தது 31,000 ரூபாய்.

ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் சார்ஜ் என்ற பெயர்களில் சில ஆயிரங்கள் சேர்க்கப்படுவதும் வழக்கம். கிடங்கிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவருவதும் கழுவித் துடைத்துச் சோதித்து ஒப்படைப்பதும் டீலரின் தொழிலுக்குள் அடங்கிய வேலைகள். அவற்றுக்குத்தான் கமிஷன் பெறுகிறார். கேரளத்தில் போக்குவரத்து ஆணையரே இந்த வசூலைத் தடைசெய்து நடவடிக்கை எடுத்ததுண்டு. எதற்காக இந்தத் தொகை என்று மின்னஞ்சலில் கேட்டாலே பெரும்பாலான இடங்களில் இது காணாமல் போய்விடுகிறது. 'பேசிக் கிட்' என்று கட்டாயம்போல் வைக்கப்படும் மிதியடி, மட் ஃப்ளாப், சீட் கவர், அடிப்பாகத்துக்கான கோட்டிங் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேண்டுமென்றால் வாங்குங்கள், ஆனால் தனி பில்லில் வாங்குங்கள். ஃபாஸ்டேக், 2017 டிசம்பர் முதல் விற்பனையாகும் புதிய கார்களில் பொருத்தப்பட்டே வர வேண்டியது. அதற்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது.

கடனை ஷோரூம் வழியாக எடுப்பது தவறில்லை. ஆனால் 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி வழங்க வேண்டிய முக்கியத் தகவல் அறிக்கையில் உள்ள ஆண்டு மொத்தச் செலவு விகிதத்தை மட்டும் மற்றொரு வங்கியின் விகிதத்தோடு ஒப்பிடுங்கள். பிராசஸிங் கட்டணமும், கடனோடு ஒட்டிவரும் காப்பீடும் அதில் வெளிப்பட்டுவிடும்.

முன்பதிவுப் படிவத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ஒரு வாசகத்தைக் கவனிக்க வேண்டும்: டெலிவரி நாளில் நடப்பில் உள்ள விலையே செல்லும் என்பது அது. டிசம்பரில் முன்பணம் கட்டி ஜனவரியில் விலை உயர்ந்த பிறகு கார் வந்தால், உயர்வு உங்கள் தலையில்தான். ரத்து செய்தால் முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் அதே படிவத்தில் இருக்கும். மாத இலக்கை எட்டுவதற்காகக் கார் வந்து சேரும் முன்பே "பில் போட்டுவிடலாம்" என்று அவசரப்படுத்துவதுண்டு. சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் பார்க்காமல் அதற்கு இசையாதீர்கள். பத்து மாதம் கிடங்கில் நின்ற காரும் போன வாரம் ஆலையிலிருந்து வந்த காரும் ஒரே விலைக்கு விற்கப்பட வேண்டிய அவசியமில்லை. விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், விற்பனை ஊழியரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பாதீர்கள்.

பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை பணம் செலுத்தி வாங்கிய பொருள் குறித்து முறையிட இருநூறு ரூபாய்க் கட்டணமே ஆகும். ஆசிரியைக்கு அது தேவைப்படவில்லை. இன்சூரன்ஸில் 15,800, ஆர்.டி.ஓ. செலவில் ஏழாயிரத்துச் சொச்சம், ஹேண்ட்லிங் 6,500, கேட்காத கிட் 12,000 என்று நாங்கள் கூட்டிப் பார்த்தபோது நாற்பத்திரண்டாயிரம் வந்தது. மேலே கொடுத்த தள்ளுபடியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்த நான்கு தொகைகளையும் குறிப்பிட்டு அவர் டீலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மூன்று நாளில் புதிய கொட்டேஷன் வந்தது: ஹேண்ட்லிங்கும் கிட்டும் நீக்கப்பட்டு, ஆர்.டி.ஓ. செலவு பிரித்துக் காட்டப்பட்டு, இன்சூரன்ஸ் 33,200 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. தள்ளுபடி மட்டும் அதே இருபதாயிரம்.