முத்திரை மருந்து

சென்ற மாதம் தருமபுரியில் ஓர் ஊர் வரலாற்றுக் கூட்டம். நூறு வருடத்துக்கு முந்தைய கடைத்தெருவைப் பற்றிப் பேசியவர், "மளிகைக் கடைகளில் காப்புரிமை மருந்துகள் விற்றன" என்று மூன்று தடவை சொன்னார். மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் இதையே படித்துப் படித்து மனம் சலித்துவிட்டது. ஆங்கிலத்தில் இதற்கு 'பேடண்ட் மெடிசின்' என்று பெயர்; பெயரும் படமும் போட்டு, தயாராக அடைத்துக் கடையில் விற்ற மருந்து. இந்தப் பேடண்ட் மருந்துக்குக் காப்புரிமை மருந்து என்பது தப்பு.

'பேடண்ட்' லத்தீன் வேர். திறந்திருப்பது என்று பொருள். இங்கிலாந்து அரசர் முத்திரை தொங்கவிட்டு, எல்லோரும் படிக்கலாம் என்று திறந்தபடி கொடுத்த சாசனம் 'லெட்டர்ஸ் பேடண்ட்'. 17ஆம் நூற்றாண்டில் சில மருந்து வியாபாரிகள் அதை வாங்கினார்கள். பெயர் மருந்தோடு ஒட்டிக்கொண்டது.

பின்னால் வந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமையே கிடையாது. காப்புரிமை வேண்டுமென்றால் என்னென்ன சேர்த்தோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் இருப்பதில்தான் அந்த வியாபாரமே நடந்தது. அதனால் பெயரையும் படத்தையும் மட்டும் பதிவு செய்துகொண்டார்கள். 1909இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இப்படிப்பட்ட மருந்துகளைப் பரிசோதித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிட்டது. ஊரெல்லாம் பேர்போன பீச்சம் மாத்திரையில் இருந்தது மூசாம்பரம் (காய்ந்த கற்றாழைச் சாறு), இஞ்சி, சோப்பு. மூசாம்பரமும் சுக்கும் நம் நாட்டு மருந்துக் கடை இழுப்பறையில் இருப்பவைதானே! இதில் எதற்குக் காப்புரிமை?

தருமபுரி அப்போது சேலம் ஜில்லா. 1906இல் மொரப்பூரிலிருந்து அகலம் குறைந்த (நாரோ கேஜ்) ரயில் பாதை வந்தது. வெளியூர்ச் சரக்கு கடைத்தெருவரை வர வழி பிறந்தது. மருந்து கலந்து கொடுக்கும் கம்பவுண்டரிடம் மிக்சர் என்ற தண்ணீர் மருந்து வாங்க வீட்டிலிருந்து சீசா கொண்டுபோக வேண்டும். வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, ரம்பப் பல் மாதிரி வெட்டிய காகிதத்தை அதன் பக்கத்தில் ஒட்டித் தருவார். பேடண்ட் மருந்து அப்படியில்லை. மூடி அடைத்து, லேபிள் ஒட்டி, தயாராக வந்தது. உப்பு, புளி வாங்கும் கடையிலேயே கிடைத்தது.

எங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு தட்டைச் சீசா இருக்கிறது. லேபிளில் எழுத்தெல்லாம் அரித்துப் போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு யானைப் படம். எழுத்துத் தெரியாத பாட்டி கடையில் "யானை மார்க்கு குடுங்க" என்றுதான் கேட்பாராம். இப்படி மார்க்கைப் பார்த்து வாங்கிய மருந்துக்கு நேர் தமிழ் 'முத்திரை மருந்து'. அரசரின் முத்திரையும் அதில் இருக்கிறது, வியாபாரியின் முத்திரையும் இருக்கிறது.

முத்திரை என்றால் முத்திரைத்தாள்தான் நினைவுக்கு வருகிறது என்றார் ஒரு நண்பர். ஒரு பொருளுக்கு யானை முத்திரை, மான் முத்திரை என்றால் இன்றும் எல்லோருக்கும் புரிகிறது. மருந்துக்கு மட்டும் புரியாதா?

தூய தமிழ் அன்பர்கள் 'மறைமருந்து' என்கிறார்கள். அழகான சொல். ஆனால் பரம்பரை வைத்தியர் மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த சூரணமும் மறைமருந்துதான். அதற்கு லேபிள் ஏது, விளம்பரம் ஏது? 'தனியுரிமை மருந்து' என்றால் மறுபடியும் உரிமைச் சிக்கலுக்குள் போய் விழுவோம்.

இன்னொன்று. 'காப்புரிமை மருந்து' என்ற சொல்லுக்கு இன்று வேறு வேலை இருக்கிறது. இந்தியாவில் 2005 முதல் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை உண்டு, 20 வருடத்துக்கு. 2013இல் உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸின் கிளிவெக் புற்றுநோய் மருந்துக்கு அதை மறுத்தது. இந்த வழக்கைத் தமிழில் எழுத அந்தச் சொல் வேண்டும். பீச்சம் மாத்திரைக்கும் அதையே வைத்தால் படிக்கிற பிள்ளைகள் என்ன புரிந்துகொள்வார்கள்? பதிப்புரிமையையும் காப்புரிமை என்று எழுதி ஏற்கெனவே குழப்பி வைத்திருக்கிறோம். அகராதியில் முதல் வரியில் இருப்பதை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிற மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். பொருள் என்ன, எங்கே விற்றது, யார் வாங்கினார்கள் என்று ஒரு நிமிடம் கேட்கக் கூடாதா?

சட்டத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் 'பேடண்ட் அல்லது புரொப்ரைட்டரி மருந்து' என்று வருகிறது. அங்கே காப்புரிமை பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. அந்த இடத்தில் 'முத்திரை அல்லது உடைமை மருந்து' என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.