பதிவேட்டில் 4 டிகிரி, பெட்டிக்குள் பூஜ்யத்துக்கும் கீழே

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராகச் சேர்ந்த முதல் மாதம். தடுப்பூசி வைக்கும் ஐஎல்ஆர் என்ற குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டில் காலை 4, மாலை 4, மறுநாளும் 4 என்றே எழுதியிருக்கும். நானும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மறுநாள் தடுப்பூசி நாளாயிற்றே என்று பெட்டியைத் திறந்தேன். தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே காட்டியது. ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் குப்பிகள் கூடைக்கு வெளியே, பெட்டியின் அடியில் கிடந்தன.

தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். சூட்டில் தடுப்பூசி கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பென்டாவேலன்ட், டிபிடி, ஹெபடைடிஸ் பி மூன்றும் உறைந்தாலும் வீணாகிவிடும். உருகிய பிறகு கண்ணுக்கு எப்போதும் போலத்தான் தெரியும். அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து, உருக்கி, சந்தேகப்படும் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் வண்டல் ஒரே வேகத்தில் படிந்தால் கீழே கொட்ட வேண்டியதுதான். அன்றைக்கு அப்படித்தான் படிந்தது.

நோயாளிகள் முன்னாலேயே செவிலியரைத் திட்டித் தீர்த்தேன். அந்தம்மா ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, மூத்த கிராம சுகாதார செவிலியர் தனியாக வந்து சொன்னார்: “சார், ஞாயிறு, லீவு நாள்ல பெட்டியைப் பார்க்க ஆள் கிடையாது. கட்டத்தைக் காலியா விட்டா மெமோ வரும். அதான் நாலுன்னு போட்டுடறோம்.”

தப்பு என் பக்கமும் இருந்தது. உண்மையைச் சொன்னால் திட்டு விழும் இடத்தில் பதிவேடு எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

பொது சுகாதாரத்தில் தமிழ்நாடு முன்னோடி. 1939-லேயே சென்னை பொது சுகாதாரச் சட்டம் வந்தது. பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம் இருக்கிறது. மருந்து வாங்கி விநியோகிக்க மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் இயங்குகிறது. இவ்வளவு அமைப்பும் கடைசியில் வந்து நிற்பது, சமவெளியில் சுமார் 30,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில். அங்கே தலைமைப் பொறுப்பு, பல நேரம் எம்பிபிஎஸ் முடித்துச் சில மாதங்களே ஆன ஒருவரிடம். செவிலியர், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன் எல்லோரும் அவரைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர்கள்.

2019-இல் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டம், மருத்துவருக்கு ஐந்து பாத்திரங்களைச் சொல்கிறது. அதில் ஒன்று, குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருப்பது. நல்ல விஷயம். ஆனால் அதை யார், எங்கே சொல்லிக்கொடுப்பது? வகுப்பில் சொன்னால் போதாது என்பது என் அனுபவம். ஹவுஸ் சர்ஜன்கள் சமூக மருத்துவப் பயிற்சிக்கு வரும் வாரங்கள்தான் அதற்குச் சரியான நேரம். பல இடங்களில் அவர்களை ஓபி சீட்டு எழுத உட்கார வைத்துவிடுகிறோம். அது எனக்குப் பெரிய வருத்தம்.

என்னிடம் வருபவர்களை முதல் நாள் ஐஎல்ஆர் முன்னால் நிறுத்துகிறேன். தெர்மாமீட்டரை அவர்களே பார்க்க வேண்டும். அப்புறம் மருந்து இருப்பைச் சரிபார்ப்பார்கள், தேவையான மருந்துக்கு இன்டென்ட் (கோரிக்கைப் பட்டியல்) எழுதுவார்கள், வாராந்திரக் கூட்டத்தை ஒரு முறையாவது நடத்துவார்கள். பதிவேட்டில் காலிக் கட்டம் இருந்தால் திட்டக்கூடாது, காரணம் கேட்க வேண்டும் என்பது ஒன்றே என் நிபந்தனை.

போன வாரம் ஒரு பெண் பதிவேட்டைப் புரட்டிவிட்டுச் செவிலியரிடம் கேட்டாள்: “அக்கா, ஞாயித்துக்கிழமை காலியா இருக்கே, கரண்ட் போயிருந்துச்சா?” அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தார்.