முதல் ஏர் பிஸ்டல்: வேகத்தை விடுங்கள், பிடியைப் பாருங்கள்

கடையில் ஏர் பிஸ்டல் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, “இதோட ஸ்பீடு எவ்வளவு?” குறி சுடும் விளையாட்டுக்குத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இதைவிட உதவாத கேள்வி கிடையாது. 10 மீட்டர் போட்டிக்கான பிஸ்டல், அரை கிராம் எடையுள்ள 4.5 மி.மீ. ஈய பெல்லட்டை நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில்தான் தள்ளுகிறது. ஆற்றல் 6 ஜூலுக்குக்கூட எட்டாது. குறி அட்டையில் ஓட்டை போட அது தாராளம். ஓட்டை கிழிசல் இல்லாமல் வட்டமாக விழ வேண்டும் என்பதற்காகப் போட்டி பெல்லட்டின் தலையைத் தட்டையாக அமைத்திருப்பார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அட்டையின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு அந்தக் கோட்டைத் தொட்டாலும் பத்துதான். ஆகவே நடுப்புள்ளியிலிருந்து 8 மி.மீ. வரை விலக இடமுண்டு. இப்போது பிஸ்டலின் மேலே பாருங்கள். குறிபார்க்க, குழல் நுனிப் பக்கம் ஃப்ரண்ட் சைட் என்ற சிறு மேடு, கைப் பக்கம் நடுவில் வெட்டு விட்ட ஒரு ரியர் சைட், இரண்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. அந்த வெட்டுக்குள் ஃப்ரண்ட் சைட் 0.1 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் 10 மீட்டர் தள்ளி அது 30 மடங்காகி 3 மி.மீ. ஆகிறது. 0.3 மி.மீ. நகர்ந்தால் 9 மி.மீ. பத்து போயிற்று.

அதே 0.3 மி.மீ. அளவுக்கு, கோணம் மாறாமல், கை முழுவதுமாக நகர்ந்தால்? அட்டையிலும் வெறும் 0.3 மி.மீ.தான் நகரும். கை ஆடுவது பெரிய குற்றமில்லை, மணிக்கட்டு திரும்புவதுதான் குற்றம் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. கோச்சுகள் “அட்டையைப் பார்க்காதே, ஃப்ரண்ட் சைட்டைப் பார்” என்று தொண்டை வறளக் கத்துவதும் இதனால்தான். கண்ணால் இரண்டு தூரங்களில் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க முடியாது. மங்கலாக வேண்டியது அட்டை.

மணிக்கட்டு திரும்பாமல் காப்பது பிடி. போட்டி பிஸ்டலின் மரப்பிடியைச் செருப்பு வாங்குவது போல அளவு பார்த்தே வாங்க வேண்டும். இடது கைக்கும் வலது கைக்கும் தனித்தனி, அதிலும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று உண்டு. உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தாங்கும் பலகை மேலும் கீழும் நகரும். சோதித்துப் பார்ப்பது எளிது. காலி பிஸ்டலைப் பாதுகாப்பான திசையில் பிடித்துக் கண்ணை மூடுங்கள். கையைத் தூக்கி நீட்டி, மூச்சை நிதானப்படுத்திவிட்டுக் கண்ணைத் திறங்கள். ஃப்ரண்ட் சைட் வெட்டின் நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் ஒதுங்கி நின்றால் பிடி உங்கள் கைக்குப் பொருந்தவில்லை. மணிக்கட்டால் இழுத்து நடுவில் கொண்டுவர முடியும்தான். ஆனால் அறுபது குண்டு சுடுவதற்குள் தசை தளர்ந்து பழைய இடத்துக்கே போய்விடும். உப்புத்தாளும் மரப் புட்டியும் வைத்துப் பிடியைத் தேய்த்தும் பூசியும் கைக்கு ஏற்றபடி செதுக்கிக்கொள்வது இந்த விளையாட்டில் சகஜம். விலை உயர்ந்த வால்நட் மரத்தில் உப்புத்தாளை வைக்க முதலில் மனசு வராது; வைத்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்து ட்ரிகர். போட்டி விதிப்படி அதை இழுக்கக் குறைந்தது 500 கிராம் விசை வேண்டும். சோதனை மேசையில் குழலை மேல்நோக்கிச் செங்குத்தாகப் பிடித்து, ட்ரிகரில் 500 கிராம் எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். ட்ரிகர் விடுபட்டுவிட்டால் தேறவில்லை. நல்ல ட்ரிகர் இரண்டு கட்டமாக இயங்கும். முதல் கட்டத்தில் எடையின் பெரும்பகுதியை விரல் ஏற்றுக்கொள்கிறது. பிறகு ஒரு சுவர் தட்டுப்படுகிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கண்ணாடி உடைவது மாதிரி சட்டென்று விடுபடும். இழுவை நீண்டு கரகரவென்று வந்தால் கடைசி நொடியில் விரல் மொத்தத் துப்பாக்கியையும் பக்கவாட்டில் தள்ளிவிடும். பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வீட்டில் சுவரைப் பார்த்துச் செய்யும் அந்தப் பயிற்சி, சுடுதளமான ரேஞ்சில் சுடுவதற்குப் பெரிதும் உதவும்.

தொடக்கத்திலேயே .22 பிஸ்டல் (வெடிமருந்துத் தோட்டாவைச் சுடுவது) வேண்டாம் என்பதற்கு உரிமம் மட்டும் காரணமில்லை. அந்தக் குண்டின் உந்தம் ஏர் பிஸ்டல் பெல்லட்டைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. உதைப்பும் சத்தமும் வரப்போகிறது என்று தெரிந்ததும் புதியவரின் உடம்பு முன்கூட்டியே சுருங்கிவிடும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவிக்கப் பாடாய்ப் பட வேண்டும்.

காற்றழுத்தம் எங்கிருந்து வருகிறது என்பது கடைசிக் கேள்வி. மலிவான ஸ்பிரிங் பிஸ்டலில் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே கனத்த பிஸ்டன் பாய்ந்து நின்று துப்பாக்கியை உலுக்கிவிடுகிறது. அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் அதிவேக எண்ணுக்கு நாம் தரும் விலை இந்த உலுக்கல். நெம்புகோலை ஒருமுறை இழுத்து மூடிக் காற்றை அமுக்கும் வகை, ரஷ்யாவின் பைக்கால் 46எம் போல, அதைவிட எவ்வளவோ மேல். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்று, உலுக்கல் கிடையாது. ஒவ்வொரு குண்டுக்கும் மூடும்போது முக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கார்பன் டை ஆக்சைடு வகையை நம் ஊரில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குப்பிக்குள் அது திரவமாகக் கிடக்கிறது. அழுத்தம் 20 டிகிரியில் 57 பார் (அழுத்தத்தின் அலகு), 30 டிகிரியில் 72 பார். 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற பேதமே போய், நிரப்பிய அளவைப் பொறுத்து அழுத்தம் மளமளவென்று ஏறும். ஏசி இல்லாத ரேஞ்சில் சித்திரை மாதத்து மதியம் எத்தனை டிகிரி என்று நான் சொல்லத் தேவையில்லை. காலையில் வைத்த குறி மதியம் மேலே போய் உட்காரும்.

இன்று சர்வதேசப் போட்டிகளில் பெரும்பாலோர் வைத்திருப்பது, முன்கூட்டியே காற்று அடைத்த சிலிண்டர் உள்ள வகை. 200 பார் வரை நிரப்பலாம். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் அதைக் குறைத்து ஒரே அழுத்தத்தில் விடுவதால் முதல் குண்டும் கடைசிக் குண்டும் ஒரே வேகத்தில் போகும். விலைதான் கையைக் கடிக்கும். ஆறு மாதம் கிளப் பிஸ்டலில் சுட்டுவிட்டு வாங்கினால், பிடி அளவாவது நிச்சயமாகத் தெரிந்திருக்கும்.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 20 ஜூலுக்குக் குறைவான இந்த வகைக் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதனால் பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வை போகும். சுடாத நேரமெல்லாம் குழல் வழியே பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்பு நூல் நுழைத்திருக்க வேண்டும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் டீ குடிக்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். தயாரித்து பத்து ஆண்டு கடந்த சிலிண்டரைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. புதியதன் விலையையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.