மீட்கப்பட்ட பெரிய நாயைத் தத்துக் கொடுக்குமுன்: சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறை எப்படி?

தெருவில் கிடைத்த பெரிய நாய், ராஜபாளையமோ லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ, 'சிட்' என்றதும் உட்கார்ந்தால் அதற்கு எங்கோ ஒரு வீடு இருந்திருக்கிறது என்று பொருள். புது வீடு தேடுமுன் அந்தப் பழைய வீட்டைத் தேடியாக வேண்டும். வளர்ப்பு நாய் சட்டத்தின் பார்வையில் அசையும் சொத்து. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 71-ஆவது பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன்னிடம் வைத்திருப்பவர் அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றவர் என்கிறது. உரிமையாளரைத் தேடாமலே நாயை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால், பிறகு அவர் வந்து கேட்கும்போது கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்குமே சிக்கல்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தப்படும் சிறிய அடையாளச் சில்லு) இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சிப் பொதுவாகத் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும். ஆனால் நாளாக ஆக அது நகர்ந்து கழுத்துப் பக்கமோ முன்னங்கால் பக்கமோ போயிருக்கலாம். அங்கெல்லாம் ஸ்கேனரை மெதுவாக ஓட்டிப் பார்க்காமல் "சிப் இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. கிடைக்கும் 15 இலக்க எண்ணில் பெயரோ முகவரியோ இருக்காது. எந்தப் பதிவேட்டில் அந்த எண் பதிவாகியிருக்கிறது என்று மருத்துவரிடமும் உள்ளாட்சியிடமும் விசாரிக்க வேண்டும். பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் தகவல் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாயின் படத்தைப் பகிரும்போது ஓர் அடையாளத்தை மட்டும் வெளியே சொல்லாதீர்கள். 'என் நாய்தான்' என்று வருபவர் அதைத் தாமே சொல்லட்டும்.

உரிமையாளர் கிடைத்தும் 'எங்களுக்கு வேண்டாம்' என்றால் கோபப்படுவதைவிட, உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குவதே நாய்க்கு நல்லது. நியாயமான காரணமின்றி, பசி தாகத்தால் வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது, விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆவது பிரிவின்படி குற்றம். ஆனால் முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தத் தொகை அப்படியே நிற்பது வேதனையானது.

வீட்டில் வளர்ந்த நாயாக இல்லாமல், தெருவிலேயே பிறந்து மீட்பவரிடம் பழகிய நாட்டு நாயென்றால் பாதை வேறு. தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், நாய்க்கு அடையாளமிட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 22.8.2025 அன்று உத்தரவிட்டது. அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்றும் அதே உத்தரவு சொல்கிறது. ஆகவே 'சரிவரவில்லை' என்று பழைய தெருவிலேயே விட்டுவிட முடியாது. இதைத் தத்தெடுப்பவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கைமாற்றுமுன் நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை மூன்றும் முடிந்திருக்க வேண்டும். விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் 2023 இம்மூன்றையும் வளர்ப்பவரின் பொறுப்பாக வைத்திருக்கின்றன. குடற்புழு மாத்திரை எடைக்கேற்பத் தரப்படுவது. 35 கிலோ நாய்க்கு 10 கிலோ நாயின் மாத்திரை ஒன்றைக் கொடுத்தால் புழு போகாது. தடுப்பூசிச் சான்றில் மருந்தின் தொகுதி எண், தேதி, மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் உள்ளாட்சியில் நாய்க்கு உரிமம் வாங்கும்போது விண்ணப்பம் திரும்பி வரலாம். உரிமம், சிப் பதிவு இரண்டும் புதியவர் பெயருக்கு மாற வேண்டும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். நாய் போன பிறகும் சிப் மீட்பவர் பெயரிலேயே கிடக்கும்; நாய் தொலைந்தால் அழைப்பு தவறான ஆளுக்குப் போகும்.

பெரிய நாய்க்கு வீடு தேடும்போது பெரிய தடை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம். 'சின்ன நாய் என்றால் சரி, பெரியது கூடாது' என்பார்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 26.2.2015 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு நேரான பதில். பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் வளர்ப்பு விலங்குக்குத் தடை போட முடியாது, நாயின் உருவத்தைக் காட்டி வேறுபாடு பார்க்கக் கூடாது, லிப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவும் கூடாது என்கிறது அது. அதே வழிகாட்டுதல் வளர்ப்பவருக்கும் கடமை சொல்கிறது: பொது இடத்தில் வாரைப் பிடித்தபடி கூட்டிப்போவது, கழிவை அள்ளுவது, தடுப்பூசியைத் தவறவிடாமல் போடுவது. வாடகைக்குக் குடியிருப்பவருக்கு மட்டும் இது போதாது. வீட்டு உரிமையாளர் சம்மதத்தை வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுத வைக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்த நாய்கள் பல, 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வருகின்றன.

இனத்தைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. ராட்வைலர், பிட்புல் உள்ளிட்ட 23 இனங்களை வளர்க்கத் தடை விதிக்கச் சொல்லி ஒன்றிய அரசு 12.3.2024 அன்று அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அதே ஏப்ரலில் ரத்து செய்துவிட்டன. ஆனால் மாநகராட்சிகள் தாமாக விதிக்கும் கட்டுப்பாடு தனி. சில ஊர்களில் சில இனங்களுக்குப் புதிய உரிமமே கிடைக்காது. தத்தெடுப்பவர் குடியிருக்கும் ஊரின் விதியை, நாயை அனுப்புமுன் அந்த அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இலவசமாகத் தரும் நாய் சட்டப்படி தானம். அசையும் பொருளின் தானத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. ஒப்படைத்தாலே உரிமை மாறிவிடும். அதனால் முதல் 2, 3 வாரங்களைத் 'தற்காலிகப் பராமரிப்பு' என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். அதன் பிறகே தத்துப் பத்திரம். கட்டிப்போட்டே வைக்கக் கூடாது, இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, வளர்க்க முடியாவிட்டால் மீட்பவரிடமே திருப்பித் தர வேண்டும் ஆகிய மூன்றும் அதில் கட்டாயம் இருக்கட்டும். நாய் யாரையாவது கடித்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நாயால் பிறருக்கு ஆபத்து நேராதபடி கவனிக்கத் தவறினால், இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். அந்தப் பொறுப்பு யார் தலையில் விழுகிறதோ அவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

பயிற்சியையும் நாயோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும். எந்தச் சொல்லுக்கு என்ன செய்யும், கையசைவு எது, பரிசாக என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 'உட்கார்' என்று பழகிய நாயிடம் புது வீட்டில் ஆளுக்கொரு சொல் சொன்னால் அது கேட்காது. பயிற்சியே இல்லை என்று முடிவு செய்துவிடுவார்கள். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. சொல்லுக்கு அசையாமல் கையசைவுக்கு மட்டும் பணிந்தால் காதைச் சோதியுங்கள். வாரைப் பிடித்து நடத்திக் காட்டுவதைத் தத்தெடுப்பவர் மட்டுமல்ல, அந்த வீட்டில் நாயைக் கூட்டிப்போகும் எல்லோரும் உங்கள் முன்னால் செய்து பார்க்க வேண்டும். 35 கிலோ திடீரென்று இழுத்தால் வயதானவர் விழுந்துவிடுவார்.

வெளியூருக்கு ரயிலில் அனுப்புவதென்றால் நாயை உடன் வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏசி மட்டுமே வழி. அதிலும் இருவர் கூபேயோ நால்வர் அறையோ முழுவதும் உங்களுடையதாக இருக்க வேண்டும். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி இல்லை. எந்த அறை என்பது சார்ட் தயாராகும்போதுதான் தெரியும். எனவே கூபே வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். தடுப்பூசிச் சான்றோடு, பயணத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்பு வாங்கிய உடல்தகுதிச் சான்றையும் எடுத்துக்கொண்டு, புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து கட்டணம் செலுத்த வேண்டும். இன்னொரு வழியான பிரேக் வேன் (கார்டும் சரக்கும் போகும் பெட்டி) நாய்ப்பெட்டியில் பெரிய நாய் நிமிர்ந்து நிற்கவோ திரும்பவோ முடியாது, கோடையில் உள்ளே வெக்கையும் தாங்காது. கூபே கிடைக்கவில்லையென்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள், அல்லது காரில் கூட்டிப்போங்கள்.